கடைவாய்ப் பல்லும் ஒரு நாள் சுற்றுலாவும்

வேன் அடுத்த பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பெரிய டாக்டருக்குத் தாடையில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் ஒரு மின்னல் ஓடியது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு "ஹ்ஹா!" என்றார்.

"என்ன மாமா?" என்று பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள் மருமகள்.

"ஒண்ணுமில்லம்மா. மலையைப் பார்த்தேன். என்ன அழகு!"

மலை வேனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு சிமெண்ட் கிடங்கின் சுவர்தான் போய்க்கொண்டிருந்தது. மருமகள் சுவரைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், சீட்டில் சாய்ந்துகொண்டாள்.

பல் டாக்டருக்கே பல் வலி. வந்தால் என்ன? சமையல்காரருக்குப் பசிக்காதா, போலீஸ்காரர் வீட்டில் திருடன் நுழைய மாட்டானா? ஆனால் நம்முடைய பெரிய டாக்டர் இந்த ஒரு வாரமாகச் செய்துவைத்திருந்த காரியங்களைத் தெரிந்துகொண்டால்தான், சிமெண்ட் கிடங்கு ஏன் மலையாயிற்று என்பது விளங்கும்.

சபையிலிருந்து ஊழியப் பயணமாக ஒரு குழு இந்த மலையூருக்கு வந்திருந்தது. இலவசப் பல் முகாம். போதகர், பாடுகிறவர்கள், மருந்து எடுத்துக் கொடுப்பவர்கள், கூடவே ஒரு சமையல்காரம்மா, எல்லாருக்கும் மேலே பெரிய டாக்டர். அவருக்குத் துணையாக அவருடைய மருமகள். அவளும் பல் படிப்புப் படித்தவள்தான். ஜனங்கள் அவளைச் சின்ன டாக்டர் என்றார்கள்.

பெரிய டாக்டரின் குரலுக்கு மைக் தேவையில்லை. ஒரு பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்தப் பல் எப்படி முளைத்தது, எப்படிக் கெட்டது, அதன் சொந்தக்காரர் எந்தெந்த வகையில் அதற்குத் துரோகம் செய்தார் என்று ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் இடுக்கியை எடுப்பார். எடுத்த பிறகும் பிரசங்கம் நிற்காது. கடைசியில் தம்முடைய வாயைத் திறந்து காட்டுவார்.

"பாருங்க! இந்த வயசுல முப்பத்திரண்டும் இருக்கு. ஏன்? வாயைக் கட்டினவன் பல்லைக் காப்பாத்துவான்!"

முகாம் வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார். மிட்டாய், கல்கண்டு, வெல்லக்கட்டி என்று பல்லுக்கு எதிரி எதுவானாலும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சாயங்காலமானதும் கூடை அவருடைய அறைக்குப் போய்விடும். "அப்புறப்படுத்தணும்ல?" என்பார். அப்புறப்படுத்திக்கொண்டுதான் இருந்தார், ஒவ்வொன்றாக, கதவைத் தாழிட்டுக்கொண்டு. நேற்று ராத்திரி அப்புறப்படுத்தியதில் ஒன்று கல்லுருண்டை மாதிரி இருந்தது. கடித்தார். "டக்" என்றது. மிட்டாய் முழுசாக இருந்தது.

அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவருக்குத் தெரியாதா? கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல் பிளந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

இனி இந்தப் பல் ஒட்டாது, பிடுங்கத்தான் வேண்டும். பிடுங்கக்கூடிய இன்னொரு ஆள் என்றால், பக்கத்து ஊர்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் மருமகள் ஒருத்திதான். அங்கேதான் சிக்கல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவருடைய கிளினிக்கில் வேலை செய்கிறாள். இதுநாள்வரை ஒரு பல்லைக்கூடப் பிடுங்க அவர் விட்டதில்லை.

"உன் கை பூ மாதிரிம்மா. பல்லுக்குப் பூ எல்லாம் புரியாது. இன்னும் கொஞ்ச நாள் நான் பண்றதைப் பாரு."

சுத்தம் செய்வது, மருந்து அடைப்பது, பஞ்சு எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் அவள் வேலை. அவளும் "சரி மாமா" என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் இன்று காலை போதகர் ஏனோ ஒரே பிடியாக நின்றார். "அடுத்த முகாமை சின்ன டாக்டரம்மா தனியா நடத்தட்டுமே ஐயா. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஊர்க்காரங்க ஆசைப்படுறாங்க. நாளைக்குக் கிளம்புறோம், இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்களுக்கு உறுதி குடுத்துடலாம்."

மருமகளின் கண்ணில் அந்த ஆசை இருந்தது பெரிய டாக்டருக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்று சொல்வதாகத்தான் இருந்தார். ஒரு பல் பிடுங்காதவளிடம் முகாமை எப்படி ஒப்படைப்பது? இந்த நிலையில் அவளிடமே போய், "இந்தாம்மா, என் வாய், பிடுங்கு" என்று உட்கார முடியுமா? மிட்டாய்க் கூடை விஷயம் வேறு நாறிப்போகும். வீடு போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்றால், இந்த வலியில் அதைக்கூடச் செய்ய முடியவில்லை.

*

முகாம் முடிந்த மறுநாள் ஊர் சுற்றிப் பார்ப்பது, அப்புறம் சந்தைக்குப் போவது என்று ஏற்பாடு. முதலில் மலையுச்சிப் பார்வைமேடை.

மேலே ஏறியதும் எல்லாரும் "ஆகா!" என்று வாயைத் திறந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. நடுவில் ஒரு ஏரி. அதன் மேல் மேகத்தின் நிழல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டரும் தம்மை மறந்து வாயைத் திறந்தார். மலைக்காற்று நேராக உள்ளே போய்ப் பிளந்த பல்லில் குடியேறியது.

அவருடைய கண்களிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"பாருங்க, பாருங்க!" என்று போதகர் தாழ்ந்த குரலில் மற்றவர்களைக் கூப்பிட்டார். "நாமெல்லாம் போட்டோ எடுத்துக்கிட்டு நிக்கிறோம். டாக்டர் ஐயா அழுறார். படைப்பைப் பார்த்து அழணும்னா அதுக்கு ஒரு மனசு வேணும்."

சமையல்காரம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! கல்லுன்னு நெனச்சேன், கனிஞ்ச பழமால்ல இருக்காரு."

"ஐயா, இந்த நேரத்துல நீங்களே ஒரு ஜெபம் பண்ணிடுங்க" என்றார் போதகர்.

வாயைத் திறந்தால் காற்று. பெரிய டாக்டர் இரண்டு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்தி, "ம்ம்ம்..." என்றார். அது வலியின் முனகல். குழு முழுவதும் "ஆமென்" என்றது. பாடுகிறவர்களில் ஒருவர் அந்த முனகலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார். பாட்டு முடிகிறவரை பெரிய டாக்டர் கையை இறக்க முடியவில்லை.

இறங்கி வரும்போது சமையல்காரம்மாவின் காதில், "வேன்ல ஒரு மாதிரி பெட்ரோல் வாடை அடிக்குதும்மா. கிராம்பு இருக்கா?" என்றார்.

"எவ்வளவு வேணும்?"

"இருக்கிறதைக் குடுங்க."

வேனின் கடைசி சீட்டுக்குப் போய் ஒரு பிடி கிராம்பைக் கன்னத்தில் அடைத்துக்கொண்டார். கிராம்பு நல்ல மருந்துதான். அவரே பலருக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்று என்றுதான் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் நாக்கு மரத்தது, உதடு மரத்தது, வலதுபக்கக் காதுகூட மரத்த மாதிரி இருந்தது. பல்லுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.

"ஐயா, ஏரிப் பக்கம் இறங்கலாமா?" என்று போதகர் கேட்டார்.

"லாழாம்" என்றார் பெரிய டாக்டர்.

"என்னங்கய்யா?"

இனிப் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவர் ஒரு விரலை உதட்டின் மேல் வைத்து, கண்ணை மூடித் தலையசைத்தார்.

போதகர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எல்லாரையும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "டாக்டர் ஐயா இன்னிக்கு மௌனம் அனுசரிக்கிறார். யாரும் அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க. ஒரு வாரம் பூரா ஜனங்களுக்காகக் கத்தினவரு, இன்னிக்கு அவருக்காக அமைதியா இருக்கிறார்."

"முகாம் தொடங்கினப்பவே அனுசரிச்சிருக்கலாம்" என்று டிரைவர் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

மௌனம் என்று ஆகிவிட்டால் உபவாசம் தானாக ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. ஏரிக்கரையில் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் திறந்தபோது போதகரே, "ஐயாவுக்கு வைக்காதீங்க. மௌனத்தோட உபவாசமும் இருப்பார்" என்று சொல்லிவிட்டார். பசி வயிற்றைக் கிள்ளியது. வேண்டும் என்று சொல்லவும் வழியில்லை, மெல்லவும் வழியில்லை. பெரிய டாக்டர் ஏரியைப் பார்த்தபடி தியாகி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சமையல்காரம்மாதான் பதறிப்போனாள். "ஐயோ, சாப்பிடாம எப்படி? ஐயா சாப்பிடலேன்னா தூக்கம் வராதே!"

"இன்னிக்கு முகாம் இல்லம்மா. தூங்கலேன்னா பரவாயில்ல" என்றார் போதகர்.

"அட, ஆமால்ல!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பெரிய டாக்டருக்கு அந்த வலியிலும் மனசு நெகிழ்ந்தது. இந்த ஒரு வாரமாக அவரை எப்படித் தாங்கினார்கள்! உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அவருக்குச் சற்று அதிகமாகவே உண்டு. தினமும் மத்தியானம் இந்த அம்மாள், "இன்னும் ஒரு கரண்டி, ஐயா, எனக்காக" என்று ஊட்டாத குறையாக வைப்பாள். டிரைவர் தலையணை கொண்டுவந்து போடுவார். போதகர் தம் கையாலேயே ஜன்னல் திரையை இழுத்துவிடுவார். வெளியே தாழ்வாரத்தில் காத்திருக்கும் ஜனக்கூட்டத்தில் ஒருவர்கூட இருமமாட்டார். கைக்குழந்தைகூட அழாது. எவ்வளவு மரியாதை தெரிந்த ஜனங்கள்!

அவர் எழுந்து வரும்போது தாழ்வாரம் காலியாக இருக்கும். "எங்கே எல்லாரும்?" என்றால், "சந்தோஷமா போயிட்டாங்க ஐயா" என்பார் போதகர். காலையில் செய்த பிரசங்கம் மத்தியானம்வரை வேலை செய்கிறது என்று பெரிய டாக்டர் புரிந்துகொண்டார். பாதிப் பல் வலி பயத்தினால் வருவது. அறிவைக் கொடுத்தால் அது போய்விடும் என்பது அவருடைய கட்சி.

*

சந்தை ஒரு நீளமான தெருவில் இரண்டு பக்கமும் அடைந்து கிடந்தது. பாத்திரங்கள், விதைகள், கம்பளிகள், பொம்மைகள். பெரிய டாக்டர் எதையும் பார்க்கவில்லை. தாடையை இறுக்கிக் கட்ட ஒரு துணி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஒரு சால்வைக் கடையில் நின்றார். கடைக்கார அம்மாள் அவரைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டாள்.

"டாக்டர் ஐயா! வாங்க, வாங்க. உங்க முகாம்லதான் எனக்குப் பல்லு எடுத்தாங்க. தெரியவே இல்லைங்க. பூ பறிச்ச மாதிரி இருந்துச்சு."

பெரிய டாக்டருக்கு முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். வாயைத் திறக்கும்படி சைகை செய்தார். சட்டைப்பையிலிருந்து சிறு டார்ச்சை எடுத்து, அவளுடைய முகவாயைப் பிடித்து நிமிர்த்தி உள்ளே அடித்துப் பார்த்தார். பார்த்தவர் மௌனத்தை மறந்தார், கிராம்பை மறந்தார், ஒரு கணம் வலியைக்கூட மறந்தார்.

"அம்மா! இங்க வா!" என்று மருமகளைக் கூப்பிட்டார். நாக்குக் குழறினாலும் குரல் தெருமுனை வரை கேட்டது. "பாரு இதை. சதை எப்படி மூடியிருக்கு பாரு. எலும்புல ஒரு கீறல் இல்ல. பக்கத்துப் பல்லுக்கு ஒரு அசைவு இல்ல. கை சொல்லுது. யார் கைன்னு பார்த்தாலே தெரியுது. இது என் கை!"

கடைக்கார அம்மாள் ஏதோ சொல்லப் பார்த்து, "ஆ... ஆ..." என்றாள்.

"பேசாதீங்கம்மா. பாடம் நடக்குது." அவர் முகவாயை விடவில்லை. "இதை மனசுல பதிய வெச்சுக்கோம்மா. உன் கை என்னிக்கு இப்படி ஒரு பல்லை எடுக்குதோ, அன்னிக்கு முகாமைப் பத்திப் பேசலாம்."

மருமகள் அந்த வாய்க்குள் பார்த்தாள். "ஆமா மாமா. நல்லா ஆறியிருக்கு" என்றாள். அவர் கையை எடுத்து அந்த அம்மாள் மூச்சு விடுவதற்குள், "இந்தச் சால்வை என்ன விலைம்மா?" என்று கேட்டாள்.

சற்றுத் தள்ளி நின்ற போதகர் உருகிப்போனார். "பாத்தீங்களா! ஒரு நோயாளியைக் கண்டதும் மௌனத்தையே விட்டுட்டார். நமக்கெல்லாம் விரதம் பெருசு. அவருக்கு ஜனங்கதான் பெருசு."

பெரிய டாக்டர் ஒரு நீலச் சால்வையை வாங்கி, தாடையிலிருந்து உச்சந்தலை வரை சுற்றி, காதோரம் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். குளிருக்கு என்று சைகை காட்டினார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஊர்க்காரங்க துணியை ஊர்க்காரங்க மாதிரியே கட்டிக்கிட்டாரே!" என்றார் பாடுகிறவர். அந்த ஊரில் ஒருவரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை என்பதை யார் கவனித்தார்கள்? "நாமும் கட்டிக்குவோம்!" என்று போதகர் தொடங்கிவைக்க, கொஞ்ச நேரத்தில் குழு முழுவதும் தாடையில் சால்வையும் தலையில் முடிச்சுமாக நின்றது. கடைக்கார அம்மாளுக்கு அன்று நல்ல வியாபாரம்.

இந்த ஊர்வலம் சந்தைக்குள் நடந்தபோது தெருவே வேலையை நிறுத்திவிட்டது.

"அடப் பாவமே, ஊருக்கெல்லாம் பல்லைப் பார்த்துட்டு, இவங்க மொத்தப் பேருக்கும் பல் வலி வந்துடுச்சே" என்றார் ஒரு விதைக் கடைக்காரர்.

"தொத்துவியாதியா இருக்குமோ?" என்றாள் காய் வாங்க வந்தவள், கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.

பெரிய டாக்டருக்கு நிற்க முடியவில்லை. வலி இப்போது தாளம் போட ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கூட்டத்திலிருந்து நழுவிச் சந்தையின் பின்பக்கம் போனார். அங்கே ஒரு குடைக்கு அடியில் முக்காலி போட்டு ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன? முகாமில் தினமும் அந்த ஆளைப் பெயர் சொல்லாமல் கிழித்தாரே. "குடைக்குக் கீழ உக்காந்தா பல்லு மட்டும் போகாது, தாடையும் போகும்!"

குடைக்காரர் அப்போதுதான் ஒருவருடைய வாயைத் திறந்து இடுக்கியை ஓங்கியிருந்தார். நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தார். சால்வைக்குள் இருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, சத்தியமா இன்னியோட விட்டுடறேன்!" என்று இடுக்கியை முக்காலியில் போட்டுவிட்டு ஓடினார். வாயைத் திறந்திருந்தவர் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு கணம் எடுத்துக்கொண்டு, பெரிய டாக்டரைப் பார்த்தார். பிறகு குடைக்காரரைவிட வேகமாக ஓடினார்.

பெரிய டாக்டர் காலியான முக்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார். மடியில் இடுக்கி. மேலே குடை. இதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது அவருக்கு எதிரே ஒரு வரிசை நின்றது.

"முகாம் இன்னிக்கு இங்கயா வெச்சிருக்கீங்க?" என்றார் வரிசையின் தலைப்பில் நின்ற பெரியவர், வீங்கிய கன்னத்தைத் தடவியபடி. பின்னாலிருந்து ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். சந்தையில் சேதிக்குக் கால் அதிகம்.

அவர் இல்லை என்று கையை ஆட்டினார்.

"அவசரமில்லைங்கய்யா" என்றார் பெரியவர் மிகுந்த பணிவோடு. "நீங்க முதல்ல போய் வயிறாரச் சாப்பிடுங்க. ஒரு தூக்கம் போடுங்க. நாங்க அதுவரைக்கும் இப்படியே காத்திருக்கோம்."

"ஆமாங்கய்யா, நல்லாத் தூங்குங்க" என்றது வரிசை முழுவதும்.

வலியில் துடிக்கிறவர்கள், ஒரு டாக்டரின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் நினைக்கிறார்கள். பெரிய டாக்டர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஜனங்களிடமா நான் முப்பத்திரண்டும் இருக்கிறது என்று வாயைத் திறந்து காட்டினேன்? ராத்திரியில் இவர்கள் வீட்டுக் குழந்தைகளின் மிட்டாயைத் தின்றுவிட்டா? இன்று காலையிலிருந்து வந்த கண்ணீரில் இதுதான் பல்லினால் வராத முதல் கண்ணீர்.

அப்போது அவர் தோளில் ஒரு கை விழுந்தது.

"மாமா" என்றாள் மருமகள். "வலது பக்கமா? கீழயா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில சிமெண்ட் கிடங்கைப் பார்த்து மலைன்னீங்களே, அப்பவே தெரியும். கூடையில இருந்த கல்லுருண்டை மிட்டாயைக் காணோம். அதையும் பார்த்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்குப் பல் போவதற்கு முன்னாலேயே போய்விட்டது. சால்வையின் முடிச்சை அவிழ்த்தார். "பிளந்துடுச்சும்மா. எடுக்கணும்" என்றார் சின்னக் குரலில். அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே புதிதாக இருந்தது. "உன்னால முடியுமா?"

"வேனுக்கு வாங்க மாமா."

*

வேனின் முன்சீட்டைப் படுக்கவைத்தார்கள். மருமகள் பெட்டியைத் திறந்தாள், கையுறை மாட்டினாள். குழு ஆளுக்கொரு சால்வையைப் பிடித்து ஜன்னல்களை மறைத்தது. அதற்கு வெளியே வரிசை அப்படியே பெயர்ந்து வந்து நின்றது. சால்வைக் கடை அம்மாளும் கடையை அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"பயப்படாதம்மா" என்றார் பெரிய டாக்டர், சீட்டின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டு. "கை நடுங்கினா ஒரு நிமிஷம் நிறுத்திக்கோ. ஊசி போடுறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"போட்டாச்சு மாமா."

"எப்போ?"

"நீங்க பயப்படாதன்னு சொன்னப்ப."

அவர் அசந்துபோனார். கொஞ்ச நேரத்தில் தாடை மரத்தது. காலையிலிருந்து முதன்முறையாக உலகம் அமைதியாக இருந்தது.

"எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்க மாமா. கேட்டுக்கிறேன்" என்றாள் மருமகள்.

இதைவிட அவருக்கு வேறென்ன வேண்டும்? வாயைத் திறந்தபடியே, தொண்டையிலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். முதலில் ஈறை விலக்க வேண்டும், அப்புறம் இடுக்கியை வேர்வரை இறக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, பல்லோடு சண்டை போடக் கூடாது, பல் எந்தப் பக்கம் வர ஆசைப்படுகிறதோ அந்தப் பக்கம்... அது பிளந்த பல் ஆனதால் இரண்டு பாதியையும் தனித்தனியாக... இரண்டாவது பாதியை எடுக்கும்போது முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால்...

"ஆச்சு மாமா."

"எது ஆச்சு?"

அவள் சிறு தட்டை அவர் முன்னால் நீட்டினாள். இரண்டு பாதிகளும் அதில் இருந்தன, வேர் நுனிகூட உடையாமல். அவர் கண்ணாடியை வாங்கித் தம்முடைய வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எலும்பில் ஒரு கீறல் இல்லை. பக்கத்துப் பல்லில் ஒரு அசைவு இல்லை. இப்படி ஒரு வேலையை அவர் இன்றைக்குத்தான், ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான், சால்வைக் கடையில் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தார்.

வாழ்க்கை முழுவதும் பல் பிடுங்கியவருக்கு, பிடுங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று தெரியாது. இப்போது தெரிந்தது. இந்தக் கையையா இத்தனை நாள் பஞ்சு எடுத்துக் கொடுக்கவைத்தோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. என் வீட்டுப் பெண் அல்லவா என்று நினைத்தபோது நெஞ்சு கொள்ளவில்லை.

"பூ பறிச்ச மாதிரி இருந்துச்சும்மா" என்றார்.

மருமகள் பஞ்சை வைத்தாள். "கடிச்சுக்குங்க மாமா. பேசக் கூடாது."

பேசாமல் இருப்பதா, அவரா? பஞ்சைக் கடித்தபடியே எழுந்து வேனின் படியில் வந்து நின்றார். சால்வைத் திரைகளை விலக்கினார். போதகர், சமையல்காரம்மா, டிரைவர், சால்வை பிடித்த பாடகர்கள், அவர்களுக்குப் பின்னால் வரிசை, எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"எல்லாரும் கேளுங்க!" பஞ்சுக்கு நடுவிலும் அந்தக் குரல் முழங்கியது. "எனக்கு முப்பத்திரண்டு இல்ல. முப்பத்தொண்ணுதான். கூடையில இருந்த மிட்டாயைத் தின்னது நான்தான். போதகர் ஐயா, நீங்க கேட்டதுக்கு இப்போ பதில் சொல்றேன். அடுத்த முகாம் என் மருமகதான் நடத்துவா. தனியா நடத்துவா. நான் வாசல்ல உக்காந்து கூடையைப் பார்த்துக்கிறேன்."

"கூடையை வேற யாராவது பார்த்துக்கட்டும் ஐயா" என்றார் போதகர். கூட்டம் சிரித்துக் கைதட்டியது.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "மாமா, போதும். உக்காருங்க" என்றாள்.

"இரும்மா! இதைச் சொல்லாம எப்படி?" அவர் தட்டை உயரத் தூக்கிக் காட்டினார். "பாருங்க ஜனங்களே! அவ வாழ்க்கையில எடுத்த முதல் பல்லு இது! முதல் பல்லே இவ்வளவு சுத்தமா எடுக்கிறவளை நீங்க எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

கைதட்டல் சட்டென்று நின்றது. போதகர் தம்முடைய செருப்பை உற்றுப் பார்த்தார். சமையல்காரம்மா கையிலிருந்த சால்வையால் மூக்குவரை மூடிக்கொண்டாள். டிரைவர் வேனின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று குனிந்தார். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சால்வைக் கடை அம்மாள்தான் ஒன்றும் புரியாமல் முன்னால் வந்தாள்.

"முதல் பல்லா? அப்ப இந்த ஒரு வாரமா தினமும், நீங்க சாப்பிட்டுட்டுத் தூங்கினதுக்கப்புறம் எங்க எல்லார் பல்லையும் எடுத்தது யாருங்கய்யா?"